மதுரைக் குகைகள் முதல் இரவிகுளம் வரை: ஆறு நாள் கார்ப் பயணமும் மதிப்பெண் போடும் முறையும்

மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குகைகள், பாறையைக் குடைந்து அமைத்த கோயில்களான குடைவரைகள், கீழடி ஆகியவற்றையும், மேற்கே மலை ஏறி இரவிகுளம், பெரியாறு ஆகிய இரண்டு தேசியப் பூங்காக்களையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். மொத்தம் சுமார் 600 கி.மீ., ஆறு நாள், ஐந்து இரவு. புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். ஒன்று, நாள் வரிசை. இன்னொன்று, பார்த்த இடத்துக்கு மதிப்பெண் போடுவது. திருமலை நாயக்கர் மகாலுக்கும் மாங்குளம் குகைக்கும் ஒரே அளவுகோலை நீட்டினால், பெஞ்சும் நிழலும் இருக்கிற இடத்துக்கு ஐந்து நட்சத்திரமும், இரண்டாயிரம் ஆண்டு பழைய எழுத்துக்கு இரண்டு நட்சத்திரமும் விழும். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு மாங்குளத்தைத் தவிர்த்துவிடுவார்.

1. முதலில் தேதி, அதிலும் முதலில் இரவிகுளம்

எல்லோரும் மதுரையில் இறங்கும் நாளை முதலில் முடிவு செய்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். இரவிகுளத்துக்கு நுழைவுச்சீட்டு கிடைக்கும் நாளைப் பிடித்து, அதிலிருந்து மூன்று நாள் பின்னால் எண்ணி மதுரையில் தொடங்குங்கள். குகைகள் எங்கும் போய்விடாது. பூங்கா மூடிவிடும்.

வரையாடுகள் குட்டி போடும் காலத்தில், பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், இரவிகுளம் பார்வையாளர்களுக்கு மூடப்படும். ஏப்ரல், மே மாதங்களில் மதுரைப் பாறைகளில் கால் வைக்க முடியாது. சித்திரைத் திருவிழாவின்போது நகருக்குள் காரை நகர்த்துவதும் கடினம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மூணாறு பக்கம் மழை கொட்டும். தேவிகுளத்துக்கும் பூப்பாறைக்கும் இடையிலான கேப் ரோட்டில் மண் சரிவது அப்போதுதான். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையால் குகைப் பாறைகள் வழுக்கும். மிச்சம் இருப்பது டிசம்பரும் ஜனவரியும்.

அந்த இரண்டு மாதத்திலும் இரண்டு தடைகள் உண்டு. கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை தேனி, கம்பம், குமுளி சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். கூட்டம் மிகுந்த நாட்களில் கம்பம்மெட்டு, குமுளிப் பாதைகளை ஒருவழியாக்குவது வழக்கம். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களில் அந்தப் பக்கச் சாலைகள் அடைபடும். எனவே டிசம்பர் முதல் பாதி, அல்லது மகரவிளக்கு முடிந்து ஜனவரி கடைசி. மலைப் பகுதிக்கு வார நாட்கள் அமையும்படி, சனிக்கிழமை மதுரையில் தொடங்குவது நல்லது.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு மலை ஏற்றத்துக்கு ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். கீழே கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பாட்டில் எவர்சில்வராக இருக்கட்டும். பூங்கா வாயிலில் பிளாஸ்டிக்கைத் தடுத்து நிறுத்துவார்கள்.

பிடிமானமுள்ள ரப்பர் அடி ஷூ வேண்டும். தேய்ந்த செருப்புடன் சமணர் மலைப் பாறையில் ஏறுவது எளிது, இறங்குவதுதான் ஆபத்து. கழற்றி மாட்ட எளிதான ஷூவாகவும் இருக்கட்டும், ஏனென்றால் அடிவாரத்தில் கோயில் இருக்கும் மலைகளில் சில இடங்களுக்கு மேல் ஊர்க்காரர்கள் காலணி அணிவதில்லை.

கையடக்க டார்ச் ஒன்று கட்டாயம். கைபேசி வெளிச்சம் பத்தாது. கல்வெட்டு எழுத்தின் ஆழம் மிகக் குறைவு. நேராக ஒளி அடித்தால் பாறை வெளுத்துப்போய் ஒன்றும் தெரியாது. டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வடிவம் எழும்பும். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பதும், தண்ணீர் ஊற்றித் துடைப்பதும் கூடவே கூடாது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சட்டத்தை விடுங்கள், சாக்பீஸ் துகள் எழுத்தின் விளிம்பில் தங்கிவிட்டால் அடுத்து படிக்க வருகிற ஆய்வாளருக்குத் தவறான கோடு தெரியும்.

ஒரு நோட்டும் பேனாவும். மலைமேல் சிக்னல் போய்விடுவதால் ஆப்பை நம்பி மதிப்பெண் போட முடியாது.

3. மதிப்பெண் அட்டையைக் கிளம்பும் முன்பே வரையுங்கள்

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் "இடம்", வலப்பக்கம் "ஏற்பாடு". இரண்டுக்கும் தனித்தனியே 10. இரண்டையும் ஒருபோதும் கூட்டாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

இடம்: கண்ணுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதற்கு 4. இங்கே மட்டுமே காணக் கிடைப்பது எது என்பதற்கு 3. சுற்றியுள்ள நிலம், சுனை, மரம், அமைதி குலையாமல் இருப்பதற்கு 3.

ஏற்பாடு: வழிகாட்டிப் பலகையும் பாதையும் 3. என்ன பார்க்கிறோம் என்று விளக்கும் பலகையோ ஆளோ இருந்தால் 2. குடிநீர், கழிப்பறை 2. பாறை விளிம்பில் கம்பி, காவலர், கிறுக்கல் இல்லாத சுவர் ஆகியவற்றுக்கு 3.

கூட்டினால் என்ன ஆகும்? இடத்தில் 9, ஏற்பாட்டில் 3 வாங்கும் குகையும், இரண்டிலும் 6 வாங்கும் சாதாரண இடமும் ஒரே 12-இல் வந்து நிற்கும். முதல் இடத்துக்குத் தண்ணீரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு தயாராகப் போக வேண்டும், இரண்டாவதைப் போகிற வழியில் பார்த்தால் போதும் என்ற செய்தி அந்த 12-இல் இருக்காது. பஞ்சாயத்துக்கோ தொல்லியல் துறைக்கோ கோரிக்கை எழுதும்போதும் வலப்பக்க எண்தான் பயன்படும்.

முதல் நாள் போடும் எண்களைப் பென்சிலில் போடுங்கள். முதலில் பார்க்கும் இடத்துக்கு எல்லோருமே தாராளமாகப் போட்டுவிடுவார்கள். மூன்றாவது இடம் முடிந்ததும் திரும்பிப் பார்த்துத் திருத்தி, பிறகு பேனா.

4. மேப்பில் பெயர் தேடும்போது

இந்த வட்டாரத்தில் அதிக நேரத்தை விழுங்குவது இதுதான். சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கை உள்ள மலை எதுவானாலும் ஊர்க்காரர்கள் அதைப் பஞ்சபாண்டவர் மலை என்பார்கள். கீழவளவிலும் பஞ்சபாண்டவர் மலை, வேறு பல ஊர்களிலும் அதே பெயர். ஓவாமலை என்ற பெயர் மாங்குளத்துக்கும் உண்டு, திருவாதவூருக்கும் உண்டு. யானைமலையை "ஆனைமலை" என்று அடித்தால் பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போகும். மாங்குளம் கல்வெட்டுகள் இருப்பது மீனாட்சிபுரம் ஊரை ஒட்டிய மலையில். ஆனால் மீனாட்சிபுரம் என்ற பெயரில் தமிழ்நாடெங்கும் ஊர்கள் உண்டு.

ஆகவே எப்போதும் மலைப்பெயரோடு ஊர்ப்பெயர், வட்டப்பெயர் சேர்த்துத் தேடுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முந்தின இரவே இறக்கி வையுங்கள். ஊருக்குள் போனதும் மேப்பை மூடிவிட்டு ஆளைக் கேளுங்கள். "பிராமிக் கல்வெட்டு எங்கே இருக்கு?" என்றால் விழிப்பார்கள். "அண்ணே, பஞ்சபாண்டவர் படுக்கைக்கு எப்படிப் போகணும்?" என்றால் ஆடு மேய்க்கிறவர்கூடப் பாதை முடியும் மரம் வரைக்கும் சொல்லிவிடுவார். வண்டியை எங்கே விடலாம், செருப்போடு ஏறலாமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

5. முதல் நாள்: சமணர் மலை, பிறகு மகால்

காலை 6 மணிக்குக் கீழக்குயில்குடி அடிவாரத்தில் இருங்கள். நகரிலிருந்து மேற்கே 12 கி.மீ. தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் தாண்டியதும் படி தொடங்கும். 10 மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பிக்கும். அதற்குள் கீழே வந்துவிட வேண்டும்.

முதலில் பேச்சிப்பள்ளம். சுனையை ஒட்டிய பாறை முகத்தில் வரிசையாக எட்டுப் புடைப்புச் சிற்பங்கள். பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர். பலர் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சிற்பங்களின் கீழே பாருங்கள். செய்வித்தவர் யார் என்று சொல்லும் வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து வகை) கல்வெட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. 9, 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதற்கு மேலே ஏறினால் உச்சிப் பாறையில் விளக்குத் தூணின் அடிப்பகுதியும் கன்னடக் கல்வெட்டும். மதுரையில் கன்னட எழுத்து எதற்கு என்று நின்று யோசிக்க வேண்டிய இடம் அது. சமணத் துறவிகள் எங்கிருந்தெல்லாம் இங்கே வந்துபோனார்கள் என்பதற்குச் சான்று.

இறங்கிய பிறகு மலையின் தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு. வெளியே அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரை (சமணர் வழிபடும் அருளாளரை) யாரும் தவறவிட மாட்டார்கள். தவறுவது உள்ளே இருப்பது. குகைக்குள் குனிந்து நுழைந்து தலையை நிமிர்த்துங்கள்: கூரை வளைவில் ஒரு வரிசைச் சிற்பங்கள், அதில் சிங்கத்தின் மேல் அமர்ந்து, யானை மேல் வருபவனை எதிர்க்கும் பெண் உருவம் ஒன்று. மதுரை வட்டாரத்தில் மிக நேர்த்தியான சிற்பங்களில் அதுவும் ஒன்று. இதைப் பார்க்காமல் செட்டிப்புடவுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

மாலையில் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது. இப்போது நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். இதை இன்றே பார்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: எல்லோருக்கும் தெரிந்த இடம் என்பதால் மதிப்பெண்ணுக்கு இதையே எடைக்கல்லாக வைத்துக்கொள்ளலாம். "மகாலுக்கு 7 என்றால் பேச்சிப்பள்ளத்துக்கு எத்தனை?" என்று கேட்டுப் பார்த்தால் எண் தானாக நிலைப்படும்.

6. இரண்டாம் நாள்: மேலூர்ப் பக்கம்

இந்த நாளின் வரிசையைத் தீர்மானிப்பது கோயில் நடைதான். வழிபாட்டில் உள்ள குடைவரைகள் நண்பகலில் சாத்தி மாலையில் திறக்கும். திறந்த குகைகளுக்கு நேரம் கிடையாது, வெயில்தான் கணக்கு. எனவே காலை குகை, மாலை கோயில்.

விடிந்ததும் மீனாட்சிபுரம் வழியாக மாங்குளம் மலை. தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் குகையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க வெட்டிய காடியை ஒட்டி இருக்கும். தரையிலும் படுக்கையிலும் தேடி நேரம் போக்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். நெடுஞ்செழியன் என்ற பாண்டியப் பெயர் இங்கே கல்லில் இருக்கிறது. கணிய நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி, அதாவது தங்குமிடம், அமைத்துக் கொடுத்த செய்தி. கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பரவலான கணிப்பு. எழுத்துகளின் நகலை முன்கூட்டியே அச்சிட்டு எடுத்துப் போனால், ஓரெழுத்தாகப் பொருத்திப் பார்த்துத் தாமே படித்துவிடலாம். அந்த ஒரு தாள் இல்லாமல் போகிறவர்களுக்கு அது வெறும் கீறல்.

அடுத்து அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர். இங்கே மலைக்கு ஒன்றாகப் பார்க்க வேண்டியவை பிரிந்து கிடக்கின்றன: பாண்டியர் காலச் சிவன் குடைவரை ஒரு பக்கம், தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரரும் உள்ள குகைத்தளம் இன்னொரு பக்கம். குடைவரையை மட்டும் பார்த்துவிட்டு "முடிந்தது" என்று கிளம்பிவிடுவது வழக்கமான பிழை. குடைவரையில் சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் உண்டு. தமிழ்நாட்டில் அரிதாகவே காணக் கிடைக்கும் உருவம் என்பதால் "இங்கே மட்டும்" என்ற கட்டத்தில் எண் உயர வேண்டும். டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை ஊர் ஊராகத் திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் அதை ரத்து செய்ய வைத்தவர்கள் இந்த ஊர் மக்கள். மலையைப் பற்றி அக்கறையோடு கேட்டால் அரை நாள் உடன் வருவார்கள்; பரபரப்பாகப் படம் மட்டும் எடுத்தால் ஒதுங்கிவிடுவார்கள்.

மதியம் மேலூரில் சாப்பிட்டு ஓய்வு. உடம்பில் தெம்பு இருந்தால் திருப்பத்தூர்ச் சாலையில் கீழவளவு. இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நாலாவது குகையில் கண் மரத்துப்போய்விடும். மாலை 5 மணியளவில் ஒத்தக்கடை திரும்பி நரசிங்கம்: யானைமலைப் பாறையைக் குடைந்த நரசிம்மர் கோயில், கி.பி. 770-ஐ ஒட்டிய கல்வெட்டு, பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி தொடங்கி அவர் தம்பி மாறன் எயினன் முடித்தது. சற்றுத் தள்ளி லாடன் கோயில் என்ற முருகன் குடைவரை. கருவறையில் படம் எடுக்கக் கேட்காதீர்கள்.

7. மூன்றாம் நாள்: கீழடி, பிறகு போடி வரை

அருங்காட்சியகங்களின் வார விடுமுறை ஒவ்வொன்றுக்கும் வேறு நாள். முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 மார்ச் 5-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் கொந்தகையில், செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டப்பட்டது. மதுரையிலிருந்து இராமேசுவரம் சாலையில் 12 கி.மீ. குறைந்தது இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். "ஆதன்", "குவிரன்" என்று பெயர் கீறிய பானை ஓடுகளின் முன் நின்றால் நேற்று மாங்குளத்தில் பார்த்த எழுத்து உடனே அடையாளம் தெரியும். கீழடியை மூன்றாம் நாளில் வைத்தது இதற்காகத்தான்.

கீழடிக்கு வரும் குறைந்த மதிப்பெண்களில் பல, "குழி எதுவும் தெரியவில்லை" என்ற ஏமாற்றத்தால் வருபவை. அகழாய்வு முடிந்த குழிகளை மண் போட்டு மூடுவது துறையின் நடைமுறை. திறந்து கிடந்தால் மழையிலும் வெயிலிலும் செங்கல் சுவர் சிதைந்துவிடும். அதற்காக எண்ணைக் குறைப்பது நியாயமில்லை.

பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக இருட்டும் முன் போடி. இரவே மலை ஏற வேண்டாம். போடியிலேயே டேங்க்கை நிரப்பி, டயர் காற்றையும் பிரேக்கையும் பார்த்துவிடுங்கள்.

8. நான்காம் நாள்: போடிமெட்டு ஏறி இரவிகுளம்

6 மணிக்குக் கிளம்புங்கள். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை முறை. இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைத் திரைதான் தெரியும், லோ பீமில் வையுங்கள்.

இரவிகுளத்தில் உங்கள் காரை உள்ளே விட மாட்டார்கள். வாயிலில் நிறுத்திவிட்டு வனத்துறை பேருந்தில் இராஜமலைக்குப் போக வேண்டும், அங்கிருந்து தார்ச்சாலையில் நடை. சீட்டை ஆன்லைனில் நேரம் குறித்து எடுத்து வைக்காவிட்டால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும். 97 சதுர கி.மீ. பூங்காவில் நமக்குத் திறந்திருப்பது இந்தச் சிறு பகுதிதான். வரையாடு கையெட்டும் தூரத்தில் வந்து நிற்கும். தொடாதீர்கள், தின்பண்டம் நீட்டாதீர்கள். மனிதன் தரும் உப்புக்கும் பிஸ்கட்டுக்கும் பழகிய ஆடு சாலையை விட்டு நகராது. குறிஞ்சி 2018-இல் பூத்தது, 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூ இல்லை என்று எண்ணைக் குறைக்காதீர்கள்.

9. ஐந்து, ஆறாம் நாள்: தேக்கடி

மூணாறிலிருந்து பூப்பாறை, நெடுங்கண்டம் வழியாகக் குமுளிக்கு நாலு மணி நேரம் வையுங்கள். பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கி.மீ.; அதில் 350 சதுர கி.மீ. 1982 முதல் தேசியப் பூங்கா. படகுச் சீட்டை முன்பதிவு செய்யுங்கள், காலை முதல் படகுக்கு. விலங்குகள் நீர் குடிக்கக் கரைக்கு வருவது அந்த நேரத்தில். நடுப்பகல் படகில் வெயிலையும் பட்டுப்போன மரங்களையும்தான் பார்க்கலாம். வண்டி நிறுத்தத்திலிருந்து படகுத்துறைக்கு வனத்துறை வண்டியில் போக வேண்டியிருப்பதால் ஒரு மணி நேரம் முன்னதாக இருங்கள். உயிர்க்காப்பு உடையைக் கடைசி வரை கழற்றாதீர்கள்.

1895-இல் கட்டிய பெரியாறு அணையின் நீர்த்தேக்கம் இது. சுரங்கம் வழியாக வைகைக்கு வந்து மதுரையையும் மேலூர் வயல்களையும் நனைப்பது இந்த நீர்தான். அட்டையில் இதையும் ஒரு வரி குறித்து வையுங்கள். இரண்டாம் நாள் பார்த்த வயல்கள் அப்போது நினைவுக்கு வரும்.

10. காட்டுக்கு மதிப்பெண் போடும்போது

யானை வந்தால் 10, வராவிட்டால் 3 என்று போடுவதுதான் பூங்காக்களுக்கு நடக்கும் பெரிய அநியாயம். விலங்கு வருவது அன்றைய காற்றையும் நீரையும் பொறுத்தது. இடப்பக்கத்தின் மூன்று கட்டங்களைக் காட்டுக்கு இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: புல்வெளியும் சோலையும் எவ்வளவு முழுமையாக இருக்கின்றன, 4. வேறெங்கும் இல்லாத உயிரினமோ நிலமோ, 3. எஞ்சின் சத்தமும் கூச்சலும் இல்லாமல் பத்து நிமிடம் தொடர்ந்து கிடைத்ததா, 3. வலப்பக்கத்தில் பேருந்து நேரம், கழிப்பறை, குப்பை, விதி மீறுபவரைக் காவலர் தடுத்தாரா என்பவை.

எண் போடுவது அந்த இடத்தை விட்டு வண்டி கிளம்பும் முன்பே. இரவு அறையில் போடும் எண்ணில் களைப்பும் சாப்பாடும் கலந்துவிடும். குழுவாகப் போனால் ஒவ்வொருவரும் தனியே எழுதிய பிறகே காட்டிக்கொள்ள வேண்டும். பெரியவர் முதலில் "எட்டு" என்று சொல்லிவிட்டால் மற்றவர்களும் எட்டுதான்.

11. திரும்பிய பிறகு இணையத்தில் எழுதும்போது

மேப்பில் ஒரே நட்சத்திர எண்தான் கேட்கும். அங்கே இடப்பக்க எண்ணைப் பாதியாக்கிப் போடுங்கள். ஏற்பாட்டைச் சொற்களில் எழுதுங்கள். முதல் வரியில் ஊர்ப்பெயர், வண்டி எதுவரை போகும், எத்தனை நிமிட நடை, தண்ணீர் உண்டா. போன மாதத்தையும் நேரத்தையும் சேருங்கள். பெயரோ குறியோ தவறான இடத்தில் இருந்தால் திருத்தம் அனுப்புங்கள். ஐந்து நட்சத்திரத்தைவிட அது அதிகப் பேரைச் சரியான மலையில் கொண்டு சேர்க்கும்.

அரிட்டாபட்டிப் பாறைகளில் ராஜாளி வகைப் பறவைகள் கூடு கட்டுகின்றன. அந்தப் பாறை எது என்று எழுத வேண்டாம், கூட்டின் படத்தையும் ஏற்ற வேண்டாம். கைபேசிப் படங்களில் இடக்குறி பதிந்திருக்கும், பகிரும் முன் அதை நீக்கிவிடுங்கள்.